'ஹேவ்' எங்கெல்லாம் போடணும்? 'இருக்கு'ல இருந்து ஆரம்பிங்க

இங்கிலீஷ்ல ரொம்ப சின்ன வார்த்தைதான் 'ஹேவ்', ஆனா எனக்கு இது பிடிபடறதுக்கு வருஷக்கணக்காச்சு. ஒரு விஷயம் புரிஞ்சதுக்கு அப்புறம்தான் தெளிவாச்சு. நம்மகிட்ட ஒண்ணு இருக்குன்னு சொல்றதுக்கு தமிழ்ல தனியா ஒரு வினைச்சொல் கிடையாது, 'இருக்கு'ங்கிற ஒண்ணை வச்சே எல்லாத்தையும் சொல்லிடுறோம். எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க, என்கிட்ட பேனா இருக்கு, எனக்கு தலைவலி இருக்கு, இந்த வீட்டுக்கு மூணு கதவு இருக்கு. நாலுமே இங்கிலீஷ்ல ஹேவ்தான்.

ஐ, யூ, வீ, தே வந்தா ஹேவ், ஹி, ஷி, இட் வந்தா ஹேஸ், நடந்து முடிஞ்சதுன்னா எல்லாருக்கும் ஹேட். இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், நேரா விஷயத்துக்குப் போறேன்.

ஸ்டெப் 1: ஆளை முன்னாடி கொண்டு வாங்க

'எனக்கு', 'என்கிட்ட'ன்னு ஆரம்பிக்கிற வாக்கியத்தை அப்படியே மாத்தினா 'டுடே மீட்டிங் இஸ் தேர் ஃபார் மீ'ன்னு வந்து நிக்கும். 'எனக்கு'வை 'நான்' ஆக்கிடுங்க, 'இருக்கு'வை ஹேவ் ஆக்கிடுங்க: 'ஐ ஹேவ் எ மீட்டிங் டுடே'. கேள்வியா கேட்கும்போது டூ, டஸ், டிட் முன்னாடி வந்துடுச்சுன்னா பின்னாடி ஹேவ் மட்டும்தான். 'டஸ் ஷி ஹேவ் எ பென்?' சரி, 'டஸ் ஷி ஹேஸ்' தப்பு, ஏன்னா அந்த 'ஸ்' ஏற்கனவே டஸ்குள்ள போயிடுச்சு.

ஸ்டெப் 2: 'ஹேவிங்' போடலாமா?

'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' நம்மள்ல நிறைய பேர் சொல்றது, தப்பு. 'இருக்கு'ன்னு அர்த்தம் வந்தா ஐஎன்ஜி வேண்டவே வேண்டாம். சாப்பிடறது, குளிக்கிறது, பேசிட்டிருக்கிறது மாதிரி நடந்துக்கிட்டிருக்கிற வேலைன்னா தாராளமா போடலாம், 'வி ஆர் ஹேவிங் லன்ச்' ரொம்ப சரி. வித்தியாசம் எவ்வளவு பெருசுன்னு ஒரே ஜோடியில பாருங்க: 'ஷி ஹேஸ் எ பேபி'ன்னா அவங்களுக்குக் குழந்தை இருக்கு, 'ஷி இஸ் ஹேவிங் எ பேபி'ன்னா அவங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகுது.

இதைச் சரிபார்க்க நான் லாங்மேன் ஆன்லைன் டிக்ஷனரிதான் சொல்லுவேன், ஃப்ரீதான், ஐஎன்ஜி வராத அர்த்தத்துக்குப் பக்கத்துலயே 'நாட் இன் ப்ரோக்ரஸிவ்'னு போட்டிருப்பாங்க. இங்கிலீஷ்-தமிழ் டிக்ஷனரி ஆப்ல ஹேவ்னு தேடாதீங்க, 'உடைத்தாயிரு', 'கொண்டிரு'ன்னு வரும், அதை வச்சு ஒரு வாக்கியம்கூட அமைக்க முடியாது.

ஸ்டெப் 3: 'ஹேவ் டு', நான் மாட்டின இடம்

போகணும், 'ஐ ஹேவ் டு கோ'. போக வேண்டியிருந்துச்சு, 'ஐ ஹேட் டு கோ'. இதுவரைக்கும் சுலபம். சிக்கல் 'வேண்டாம்'ல இருக்கு. 'நாளைக்கு நீங்க வர வேண்டாம்'னு தமிழ்ல சொன்னா, வரணும்னு அவசியமில்லங்கிற அர்த்தமும் வரும், வரக்கூடாதுங்கிற அர்த்தமும் வரும், சொல்ற குரல்லயே நமக்குப் புரிஞ்சிடும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் தனித்தனி வார்த்தை.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, கூட வேலை பார்த்த ஒரு பெரியவருக்கு உடம்பு சரியில்ல, அவருக்குத் தமிழ் தெரியாது. ரெஸ்ட் எடுக்கட்டும்னு நல்ல மனசோட 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ'ன்னு மெசேஜ் அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல போன் வந்துச்சு, 'நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா'ன்னு கேட்டார், அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. மஸ்ட் நாட்னா தடை. நான் எழுதியிருக்க வேண்டியது 'யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ', வரணும்னு அவசியமில்ல, உங்க இஷ்டம். அதனால 'வேண்டாம்'னு வாயில வரும்போதெல்லாம் ஒரு நொடி நிறுத்தி, 'அவசியமில்ல'யா 'கூடாது'வான்னு தமிழ்லயே பிரிச்சுப் பாருங்க, அப்புறம் இங்கிலீஷுக்கு மாத்துங்க.

ஸ்டெப் 4: பார்த்திருக்கேன், அனுப்பியிருக்கேன்

இங்க தமிழ் நமக்கு உதவுது. 'பார்த்திருக்கேன்'ல வர்ற 'இருக்கேன்' செய்யுற வேலையை இங்கிலீஷ்ல ஹேவ் செய்யுது: 'ஐ ஹேவ் சீன் இட்'. பின்னாடி வினையோட மூணாவது வடிவம் வரணும், அவ்வளவுதான். ஆனா 'நேத்தே அனுப்பியிருக்கேன்'னு தமிழ்ல சொல்லலாம், இங்கிலீஷ்ல 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே'ன்னு சொல்லக்கூடாது. நேத்து, போன வாரம், 2019லன்னு முடிஞ்சுபோன நேரம் வாக்கியத்துக்குள்ள வந்துட்டா ஹேவை எடுத்துடுங்க, 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே' போதும். ஆபீஸ் மெயில்ல நான் அதிகமா பார்க்கிற தப்பு இதுதான்.

பின்னால சேர்த்தது: இதைப் படிச்சுட்டு ஒருத்தங்க 'உட்கார்ந்திருக்கேன்'னா 'ஐ ஹேவ் சாட்'டான்னு கேட்டாங்க, நல்ல கேள்வி. இல்ல, அது இப்ப நான் இருக்கிற நிலை, 'ஐ ஆம் சிட்டிங்'. நின்னுட்டிருக்கேன், படுத்திருக்கேன் எல்லாம் இதே கணக்கு.

இன்னொருத்தர் 'அவர் லண்டன் போயிருக்கார்'க்கு என்னன்னு கேட்டார். தமிழ்ல அதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குல்ல? போனவர் இன்னும் திரும்பலன்னா 'ஹி ஹேஸ் கான் டு லண்டன்'. எப்பவோ ஒரு தடவை போயிட்டு வந்தவர்னா 'ஹி ஹேஸ் பீன் டு லண்டன்'. உங்களைப் பத்தி நீங்களே சொல்லும்போது பெரும்பாலும் 'பீன்'தான் வரும், ஏன்னா நீங்கதான் திரும்பி வந்து இங்க பேசிட்டிருக்கீங்களே.