எதையும் வைக்காமலே எண்ணிய படிகம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே காமா நிறமாலைமானி ஒன்று செய்தேன்: காமா கதிர் பட்டால் படிகம் மின்னும், அந்த மின்னல்களை எண்ணி, ஆற்றல்வாரியாகத் திரையில் வரையும் கருவி. பல நாள் படுத்திவிட்டு இப்போதுதான் ஒழுங்காக ஓடுகிறது, நிம்மதி.

கோளாறு இதுதான். முன்னால் எதுவும் வைக்காதபோதே எண்ணிக்கை எக்கச்சக்கம். திரையில் அகலமான ஒரு மேடு. தோட்ட வீட்டில் கிடந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலில் தோரியம் உண்டு. அதை வைத்தாலும் 239 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றல் அளவு) இடத்தில் எழவேண்டிய கூரான முகடு அந்த மேட்டுக்குள் புதைந்துபோனது.

வெளிச்சக் கசிவோ என்று கறுப்பு டேப் சுற்றினேன். மின்வழங்கியை மாற்றினேன். சிமெண்டுத் தரையைச் சந்தேகித்து ஈயத்தால் மூடினேன். மேடு அசையவே இல்லை. ஈயத்துக்கும் குறையவில்லை என்றால் உள்ளேயிருந்துதானே வரவேண்டும்? படிகத்தைக் கழற்றியதும் எண்ணிக்கை விழுந்தது.

படிகம் எல்.ஒய்.எஸ்.ஓ., அதாவது லுட்டீசியம் என்ற உலோகம் சேர்ந்த படிகம். அதிலுள்ள லுட்டீசியத்தில் 2.6 சதவீதம் கதிரியக்கமுள்ள லுட்டீசியம்-176; கன சென்டிமீட்டருக்கு விநாடிக்கு ஏறக்குறைய 300 சிதைவுகள். மருத்துவமனை பெட் ஸ்கேனரிலும் இதே படிகம் உண்டு; ஆனால் அது ஒரே கணத்தில் வரும் இரண்டு ஃபோட்டான்களை மட்டுமே சேர்த்துப் பார்ப்பதால் அங்கே இது பெரிய தொல்லை இல்லை.

சரி என்று தாலியம் கலந்த சீசியம் அயோடைடு படிகம் போட்டேன். மேடு மறைந்தது, ஆனால் முகடு மங்கலாகப் பரந்து கிடந்தது. இந்த இடத்தைத்தான் பலர் தவறவிடுவார்கள்: எல்.ஒய்.எஸ்.ஓ.வின் ஒளி சுமார் 40 நானோவிநாடியில் தணியும், இந்தப் புதிய படிகத்துக்கு ஏறக்குறைய 1 மைக்ரோவிநாடி ஆகும். பழைய அமைப்பு பாதி ஒளியைத்தான் சேகரித்தது. பெருக்கி ஒவ்வொரு மின்னலின் ஒளியையும் சேர்த்துக்கொள்ளும் துடிப்பு நேரத்தைச் சில மைக்ரோவிநாடிக்கு நீட்டினேன். 239 கூர்மையாக எழுந்தது, அப்புறம் மேண்டிலின் தோரியம் சிதைந்து வரும் தாலியம்-208இன் 583உம்.