கத்தரி வைக்கும் முன்: தாம்பூலப் பையிலும் மொய்க் கவரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தைக்க உட்காருகிறவர்களின் தவறுகளில் பாதி, மெஷினே சொல்லித் திருத்திவிடும். பாபின் தலைகீழாக மாட்டினால் தையல் சரியாக விழாது. டென்ஷன் இறுகினால் நூல் அறும். துணிக் கத்தரியில் காகிதம் வெட்டக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவற்றையெல்லாம் விட்டுவிடலாம். பை அழகாக முடிந்து, விசேஷ வீட்டுக்குப் போய், அதற்குப் பிறகே வெளியே வருகிற தவறுகள்தான் கைக்காசைக் கரைப்பவை.

அளவு ஒன்றை வைத்துக்கொள்வோம். முகப்பு 9 அங்குலம், உயரம் 10, அடி அகலம் 3. இதற்கு வெட்டும் துண்டு 13-க்கு 26 அங்குலம்; அந்தக் கணக்கு பின்னால் வரும். தேங்காய், வெற்றிலை பாக்கு, சின்னப் பரிசு எல்லாம் இதில் அடங்கும்.

துவைக்காத துணியில் கத்தரி வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். கண்டாங்கித் துணியை, அதாவது செட்டிநாட்டுப் பருத்திக் கைத்தறியை, கடையில் தொட்டுப் பார்த்தால் மொடமொடவென்று நிற்கும். கோடு நேராக, கட்டம் சதுரமாக, வெட்டுவதற்கு அவ்வளவு வசதியாக இருக்கும். அந்த மொடமொடப்பு கஞ்சி. தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டே நெய்யப்படுகிறது. முதல் தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைந்து, இழுபட்ட நூல் தளர்ந்து தன் நீளத்துக்குத் திரும்பும். பாவு ஓடும் நீளவாட்டில் கைத்தறிப் பருத்தி நூற்றுக்கு 5 வரை சுருங்கலாம். அகலத்தில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

26 அங்குல நீளத் துண்டில் இது ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேல். உள்ளே போட்ட பாலியஸ்டர் கலந்த லைனிங் சுருங்காது. வெளித்துணி சுருங்க, லைனிங் அப்படியே நிற்க, உள்ளே சுருட்டிக்கொண்டு வாய் ஓரமெல்லாம் நெளியும். பிரித்துத் தைக்கவும் வழியில்லை. வெளித்துணியில்தான் அளவே குறைந்துவிட்டதே.

"கல்யாணப் பையை யாரு ஆச்சி துவைக்கப் போறா?" என்று கேட்பார்கள். துவைக்காவிட்டாலும் ஈரம் படத்தான் செய்யும். உள்ளே போவது கழுவிய வெற்றிலை. தேங்காயும் பல வீடுகளில் ஈரத்தோடுதான் போகிறது. அரக்கு நிறத் துணியில் மிச்சச் சாயம் இருந்தால் அந்த ஈரமே போதும். அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர் பையை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்காருகிறார். ஊர் போய் இறங்கும்போது வெள்ளை வேட்டியில் சிவப்புத் திட்டு. தைத்தவரிடம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அடுத்த ஆர்டர் வராது, அவ்வளவுதான்.

தண்ணீரில் கல் உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம்பி விட்டுவிடுவது இன்னொரு ஏமாற்றம். ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் உப்பு எதையும் நிலைநிறுத்தாது. நூலில் ஒட்டாமல் தங்கிய சாயம் வெளியே போயே ஆக வேண்டும்.

முறை இது. முதலில் கால் மீட்டர் மட்டும் வாங்குங்கள். நடுவில் 20 செ.மீ. சதுரம் ஒன்றைப் பென்சிலால் குறித்து, ஒரு மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் காயப் போட்டு, இஸ்திரி போட்டபின் அளந்து பாருங்கள். 19 செ.மீ. நின்றால் நூற்றுக்கு 5 சுருக்கம். பிறகு ஒரு மூலையை நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணி வைத்துச் சூடான இஸ்திரியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் அலச வேண்டும். ஐந்து தண்ணீர் மாற்றியும் ஏறினால் அந்த நிறத்தை விட்டு வேறு நிறம் வாங்குங்கள். கால் மீட்டர் நட்டத்தோடு போகும்.

முழுத் துணியை நனைக்கும்போது வெட்டிய இரண்டு ஓரத்தையும் பெரிய ஓட்டுத் தையலில் மடித்துத் தைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு அங்குலம் நூல் பிரிந்து போகும். நிறத்துக்கு ஒரு வாளி. பிழியாமல் தொங்கவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே பாவு வாட்டில் இஸ்திரி போட வேண்டும். மூலைவாட்டில் இழுத்தால் கட்டம் கோணும். லைனிங், கைப்பிடி நாடா, பைப்பிங் எல்லாவற்றுக்கும் இதே குளியல் உண்டு.

பலர் நனைக்காமல் தாண்டுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை, கணக்கும் இடிக்கிறது. 48 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) ஐந்தரை மீட்டர் வாங்கினால் குறுக்கே மூன்று துண்டு, நீளத்தில் எட்டு வரிசை, மொத்தம் 24 பை. நனைத்தபின் ஐந்தரை மீட்டர் ஏறக்குறைய 206 அங்குலமாகிவிடும். எட்டு வரிசைக்கு 208 வேண்டும். இரண்டே அங்குலத்தில் ஒரு வரிசை போய் 21 பைதான் தேறும். அந்த மூன்று பைக்காகத்தான் நனைக்காமல் வெட்டுகிறார்கள். கால் மீட்டர் கூட்டி ஐந்தே முக்கால் வாங்குங்கள். 24-ம் வரும், நிம்மதியும் வரும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறி இது. அதை மூன்று பைக்காகப் பாழாக்குவது பொறுக்கக்கூடியதல்ல.

முடிந்த அளவையே வெட்டுவது

9-க்கு 10 பை என்றால் 9-க்கு 20 துண்டு என்று வெட்டிவிடுகிறார்கள். அடி மூலையை முக்கோணமாக மடித்து, முனையிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் குறுக்கே தைத்தால்தான் 3 அங்குல அடி கிடைக்கும். அந்த மடிப்பு அகலத்தில் 3 அங்குலத்தையும், உயரத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரையையும் எடுத்துக்கொள்ளும். ஆக அகலம்: 9 + 3 + இரு பக்கத் தையலுக்கு அரை அரை = 13. நீளம், ஒரு பக்கத்துக்கு: 10 + அடிக்கு ஒன்றரை + வாய் மடிப்புக்கு ஒன்றரை = 13. இரண்டு பக்கமும் ஒரே துண்டாக 26. அடி வைக்காத தட்டைப் பையில் தேங்காய் போட்டால் வயிறு பிதுங்கி வாய் சுருங்கிவிடும்.

துண்டின் நடு மடிப்பு ஒரு கட்டத்தின் சரி நடுவில் விழும்படி வெட்டுங்கள். பக்கத் தையலில் முன் கட்டமும் பின் கட்டமும் தானே பொருந்தும்.

கைப்பிடி

முழுக் கனமும் இங்கேதான் தொங்குகிறது, ஆனால் ஒற்றை வரித் தையலோடு விட்டுவிடுகிறார்கள். ஒரு அங்குலப் பருத்தி நாடா, பைக்கு 16 அங்குலத்தில் இரண்டு. 24 பைக்கு, சுருக்கமும் சேர்த்து, 21 மீட்டர். முனையை வாய் மடிப்புக்குள் ஒரு அங்குலம் விட்டு, சதுரமாக ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி. ஊசி எண் 14 அல்லது 16. மெல்லிய 11-ஐ நாலு மடிப்புத் துணியில் ஓட்டினால் முறியும்.

பெட்டியிலிருந்து எடுத்த பழைய புடவை

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் மடித்திருந்த கோட்டில்தான் முதலில் கிழியும். அந்தக் கோட்டை விட்டு வெட்டுங்கள்.

காகிதத்துக்கும் இழை உண்டு

பரிசுப் பெட்டியின் மடிப்பு வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறதென்றால் அட்டை இழைக்குக் குறுக்கே மடிக்கப்பட்டிருக்கிறது. அட்டையை இரு வாட்டத்திலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் வளைவது இழையோடு போகும் வாட்டம். நீளமான மடிப்புகளை அதில் வையுங்கள். 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டைக்கு, மடிக்குமுன் மை தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேல் வைத்து ஒரு பள்ளக் கோடு இழுப்பது கட்டாயம். மூடி, பெட்டியைவிட நீளத்திலும் அகலத்திலும் 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும். ஒரே அளவில் வெட்டினால் ஏறாது, ஏற்றினால் இறங்காது.

மொய்க் கவர்

பழக்கத்தில் புதிய 100 ரூபாய்த் தாளை வைத்து அளக்கிறார்கள். அது 142 மி.மீ. நீளம், 500 ரூபாய்த் தாள் 150. அகலம் இரண்டுக்கும் 66. உள்ளளவு 160-க்கு 75 வைத்தால் எந்தத் தாளும் மடங்காமல் போகும். மெல்லிய காகிதத்தில் ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவினால் ஈரத்தில் ஊதி, காய்ந்தபின் அலையலையாக நிற்கும். ஓரங்களுக்கு இரட்டைப் பக்க டேப். ஒரு ரூபாய்க் காசுக்கும் அதுவே.

பலகாரப் பெட்டி

உள்ளே பட்டர் பேப்பர் போடாமல் அதிரசமோ மணவோலமோ வைக்காதீர்கள்.

கொட்டானில் (பனை ஓலைக் கூடையில்) சூட்டுப் பசை

மணியும் லேஸும் பசைத் துப்பாக்கியில் ஒட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்தால் பசை இளகி மணி நழுவும். பனை ஓலையின் வழுவழுப்பில் அதற்குப் பிடிப்பும் குறைவு. ஓலைப் பின்னலின் இடுக்கில் ஊசி நுழையும். இரட்டை நூலில் மூன்று மணிக்கு ஒருமுறை உள்பக்கம் முடிச்சுப் போட்டுக் கோத்தால், ஓரிடத்தில் அறுந்தாலும் மூன்று மணிதான் விழும்.