ஐபோனில் படிவம் தானாகப் பெரிதாவதைத் தவிர்க்க

திறன்பேசிக்காக இணையப் பக்கம் வடிவமைப்பவர்கள் முகப்பின் அழகுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது படிவங்களுக்கு ஒதுக்க வேண்டும். பயனர் பாதியில் விலகிச் செல்வது பெரும்பாலும் அங்கேதான்.

உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், அதைத் தொட்டவுடன் ஐபோனின் சஃபாரி உலாவி பக்கத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். தட்டச்சு முடிந்த பிறகும் பக்கம் பழைய அளவுக்குத் திரும்பாமல், 'சமர்ப்பி' பொத்தான் திரைக்கு வெளியே ஒதுங்கிப்போவதும் உண்டு. இதைத் தடுக்க, பக்கம் திரையில் எந்த அளவில் தெரிய வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் குறிச்சொல்லில் 'பெரிதாக்க இயலாது' என்று கட்டளையிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; ஏனெனில் ஆண்ட்ராய்டு உலாவிகளில், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் விரல்களால் பக்கத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வசதியையே அது பறித்துவிடக்கூடும். பெட்டி, கீழிறங்கு பட்டியல், பல வரி உரைப்பெட்டி ஆகிய மூன்றுக்கும் எழுத்தளவை 16 பிக்சலாக வைத்தாலே சிக்கல் தீர்ந்துவிடும்.

அஞ்சல் குறியீடு கேட்கும் பெட்டிக்கு, எந்த விசைப்பலகை திறக்க வேண்டும் என்று சொல்லும் 'இன்புட்மோட்' பண்பில் 'நியூமெரிக்' என்று குறிப்பிட்டால் எண் விசைப்பலகை நேரடியாகத் திறக்கும். கைப்பேசி எண்ணுக்கு, தொலைபேசி எண்களுக்கான 'டெல்' உள்ளீட்டு வகை பொருந்தும். இவற்றுக்கு 'நம்பர்' வகையைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அது கணக்கிடும் எண்களுக்கானது. முன்னால் வரும் பூஜ்யம் தொலைந்துபோக வாய்ப்புண்டு. ஒருமுறைக் கடவுச்சொல் பெட்டியில், தானாக நிரப்புவதற்கான 'ஆட்டோகம்ப்ளீட்' பண்புக்கு 'ஒன்-டைம்-கோட்' என்ற மதிப்பைக் கொடுத்தால், குறுஞ்செய்தியில் வந்த எண்ணை ஐபோன் விசைப்பலகைக்கு மேலேயே காட்டும்.