பழைய காரின் பெயின்றைக் காப்பாற்றப் போய்க் கெடுத்துவிடாதீர்கள்

பழைய கார் ஒன்றை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை வெளிச்சத்தில் நின்று பார்க்கும்போதுதான் பெயின்றின் உண்மையான நிலை தெரியும். கூரையும் பொனற்றும் வெளிறி, கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்களுக்கு இது வழமை. வெயில் ஒரு பக்கம், கடற்காற்றின் உப்பு இன்னொரு பக்கம், கழுவுகிற கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்திலும் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. எஞ்சினைப் பார்த்த அளவுக்கு அவற்றின் உடம்பை எல்லோரும் பார்க்கவில்லை.

இப்படி ஒரு காரை வாங்கியதும் சிலர் முழுதாகப் பெயின்ற் அடிக்கக் கராஜில் விடுகிறார்கள். வேறு சிலர் பெயின்றின் மேல்பகுதியைத் தேய்த்தெடுக்கிற கட்டிங் கொம்பவுண்ட் ஒரு டப்பா வாங்கிவந்து அன்றைக்கே தேய்க்கத் தொடங்குகிறார்கள். இரண்டுமே பெரும்பாலும் அவசர முடிவுகள். செத்துவிட்டது என்று நாங்கள் நினைக்கிற பெயின்ற் பல கார்களில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மேலே படிந்ததை எடுத்து, மெல்லப் பொலிஷ் போட்டாலே திரும்பி வரும்.

கொம்பனியில் அடித்த பெயின்றை விட்டுக்கொடுக்க ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்? அங்கே கண்ணாடி, ரப்பர், வயர் எதுவும் பூட்டாத வெறும் உடம்புக்குப் பெயின்ற் அடித்து, ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் சூட்டில் அதை இறுக வைக்கிறார்கள். பூட்டி முடித்த காரை அந்தச் சூட்டில் வைக்க எந்தக் கராஜாலும் முடியாது. விற்கும்போதும் ‘ஒறிஜினல் பெயின்ற்’ என்றால் வாங்குகிறவர் ஒரு படி கூடக் கொடுப்பார். ஆனால் அந்தப் பெயின்ற் மிக மெல்லியது. பிரைமரிலிருந்து மேற்பூச்சு வரை எல்லாம் சேர்த்து 100 முதல் 150 மைக்ரோன் வரைதான் வரும் (ஆயிரம் மைக்ரோன் ஒரு மில்லிமீற்றர்). மேலே இருக்கும் நிறமில்லாத படையான கிளியர் கோட் மட்டும் என்றால் 40, 50 மைக்ரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்புக்கூட இல்லை. தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகும், போனது திரும்பி வராது. அதனால் எப்போதும் மிக மென்மையான வழியை முதலில் பார்க்க வேண்டும். பலரும் நேரே கடுமையானதற்குப் போய்விடுகிறார்கள், கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, எந்த வகைப் பெயின்ற் என்று தெரியாமல் கை வைப்பது. பழைய மாருதி 800, சாதாரண வெள்ளை நிறத்துப் பழைய ஜப்பான் கார்கள் போன்றவற்றில் பலதில் நிறமே மேல்படையாக இருக்கும், அதற்கு மேல் கிளியர் கோட் கிடையாது. சில்வர் போன்ற மெற்றாலிக் நிறங்களிலும் பிற்காலத்துக் கார்களிலும் நிறத்துக்கு மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். கதவின் கீழ்ப்பகுதி போலக் கண்ணில் படாத ஓரிடத்தை நன்றாகக் கழுவி, வெள்ளைத் துணியில் (வெள்ளைக் காரென்றால் கறுப்புத் துணியில்) துளி பொலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் இறங்கினால் ஒற்றைப் பூச்சு, இறங்காவிட்டால் கிளியர் கோட். ஒற்றைப் பூச்சு வெளிறிச் சுண்ணாம்பு போலத் தூள் கொட்டினாலும் அநேகமாக மீட்கலாம். கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு விட்டு, ஓரத்தை நகத்தால் சுரண்டினால் உரிந்து வருகிறதென்றால், அந்த இடத்துக்கு எந்தப் பொலிஷும் உதவாது. அந்தப் பகுதிக்கு மட்டும் பெயின்ற் அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தேய்க்கத் தேய்க்க உரிகிற இடம் பெருகும்.

அடுத்தது கழுவுவது. எல்லோரும் சும்மா கடந்துபோகிற விஷயம் இது, எங்கள் ஊரில் பெயின்றை அதிகம் கெடுப்பதும் இதுதான். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றில் அள்ளுகிற தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் காரிலும் படிகிறது. வெயிலில் காரை நிறுத்தி வாளியால் ஊற்றிக் கழுவிவிட்டு, தானாகக் காயட்டும் என்று விட்டால், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் நிற்கும். கறுப்புக் காரின் பொனற்றில் சாய்வாகப் பார்த்தால் ஆயிரம் வளையங்கள் தெரியும். புதிய வளையம் துணியோடு போகும். நாள்பட்டது பெயின்றை அரித்துக் குழியாக்கிவிடும். தீவுப்பகுதியிலும் கரையோரங்களிலும் கிணறு உவராக இருந்தால் இன்னும் மோசம். அந்த உப்பு கதவு இடுக்குகளிலும் மட்காட் மடிப்புகளிலும் தங்கித் துருவுக்கு வழி செய்யும்.

ஆகவே விடியற்காலையிலோ பொழுது சாயும் நேரத்திலோ, நிழலில், தகடு சூடாக இல்லாதபோது கழுவுங்கள். ஒரு பகுதியைக் கழுவினால் அது காயுமுன்னரே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மாரியில் கூரைப் பீலியில் வரும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்க வசதியிருந்தால் கடைசி அலசலுக்கு அதைப் பாவியுங்கள், அதில் சுண்ணாம்பு இல்லை. ஏற்கனவே படிந்த வளையங்களுக்கு வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, உடனே ஷம்பூ தண்ணீரால் கழுவிவிட வேண்டும். வெயிலில் இதைச் செய்யக்கூடாது. பெயின்ற் உடைந்து தகடு தெரிகிற இடத்திலும் படவிடக்கூடாது. இதற்கும் போகாத வளையம் என்றால் அது பெயின்றுக்குள் இறங்கிவிட்டது, பொலிஷ் வரை பொறுக்க வேண்டும்.

உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தூளும் பாத்திரம் தேய்க்கிற தும்பும் காருக்கு ஆகாது. தூள் மெழுகைக் கழற்றிப் பெயின்றைக் காயவைக்கும், தும்பு கீறும். செம்மண் புழுதி படிந்த காரில் காய்ந்த துணியைப் போட்டுத் துடைக்கிறவர்களைத் தினமும் பார்க்கலாம். அந்தப் புழுதியின் ஒவ்வொரு மணியும் ஒரு கீறல். முதலில் தண்ணீரால் புழுதியை ஓடவைத்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷம்பூ, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் அப்போதைக்கு மினுங்கும்தான். அது எண்ணெய்ப் படை. மெழுகைக் கரைத்துவிட்டுப் புழுதியை ஒட்டவைக்கும், ரப்பரையும் கெடுக்கும். தேங்காய் எண்ணெய்க்கும் இதே கதைதான்.

கழுவிய பிறகும் சொரசொரப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மெல்லிய ஷொப்பிங் பைக்குள் கையை விட்டு, பொனற்றில் விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். வெறும் கைக்குத் தெரியாத மணல் மணலான உணர்வு பைக்கு மேலால் நன்றாகத் தெரியும். அது பெயின்றில் குத்திக்கொண்டு நிற்கிற இரும்புத்தூள், தார்த் துளி, மரப்பிசின். இதைப் ‘பெயின்ற் போய்விட்டது’ என்று நினைத்து நேரே கட்டிங் போடுவது வீண் சேதம். கிளே என்று களிமண் போல ஒரு கட்டி விற்கிறது. ஷம்பூ தண்ணீரை வழுக்கலாக ஊற்றி, அழுத்தாமல் அதை இழுத்தால் பெரும்பாலானவை கட்டியில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கட்டி நிலத்தில் விழுந்தால் எடுத்துப் பாவிக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள். மண் ஒட்டிய கிளே சான்ட் பேப்பருக்குச் சமம்.

இதற்குப் பிறகுதான் பொலிஷ். மிக மென்மையான பொலிஷும் மென்மையான பஞ்சும் எடுத்து, ஒரு சாண் சதுர இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். அது போதுமென்றால் கார் முழுவதற்கும் அதுவே போதும். போதாவிட்டால் மட்டும் ஒரு படி கடுமையானதற்குப் போங்கள். கடைக்காரர் கடுமையான கொம்பவுண்டை முதலில் எடுத்துத் தந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மெஷினில் இன்னும் கவனம் வேண்டும். சுற்றுகிற ரோட்டரி மெஷினைப் பழகாதவர் ஒரே இடத்தில் இரண்டு விநாடி கூடுதலாக வைத்தால் பெயின்ற் சூடேறிக் கருகிவிடும். ஆட்டமும் சுற்றும் சேர்ந்த டுவல் அக்ஷன் மெஷின் மெதுவாக வேலை செய்தாலும் பிழைகளைப் பொறுக்கும். பொனற்றின் மடிப்பு, கதவின் விளிம்பு போன்ற கூரான இடங்களில் பெயின்ற் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். மெஷின் அங்கே ஏறினால் முதலில் நிறம் மங்கும், அடுத்த கணம் சாம்பல் நிறத்தில் பிரைமர் எட்டிப்பார்க்கும். அந்த விளிம்புகளுக்கு முதலே மாஸ்கிங் ரேப் ஒட்டி, கடைசியில் கையால் தேயுங்கள். ரப்பருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கும் அப்படியே. பொலிஷ் அதில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் பிடித்துக்கொள்ளும். சான்ட் பேப்பர் 2000, 3000 என்று பழக்கமில்லாதவர் தொடவே வேண்டாம். வெயிலைத் தடுக்கிற சத்து கிளியர் கோட்டில்தான் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுத்த கார் இன்று கண்ணாடி போல இருந்தாலும் சில வருடங்களில் உரியத் தொடங்கலாம்.

ஒற்றைப் பூச்சு வெளிறிப்போன காருக்கு வேறு பக்குவம். அது வறண்டு கிடக்கிறது. வறண்ட நிலையில் கட்டிங் போட்டால் தேவைக்கு மேல் நிறம் கழன்று வரும். எண்ணெய்ப்பசையுள்ள மென்மையான கிளேஸ் வகைப் பொலிஷைத் தாராளமாகத் தடவி, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் துடைத்துப் பாருங்கள். மங்கிய சிவப்பு மறுபடி ஆழ்ந்த சிவப்பாவதைக் காணும்போது மினக்கெட்டதற்குப் பலன் தெரியும். அதன் பிறகு இலேசான பொலிஷ் போதும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. கீறலை நிரப்பி மறைக்கிற பொலிஷ் போட்டு விற்பனைக்கு நிறுத்துகிற கார்கள் உண்டு. சில கழுவலில் அந்த மினுக்கம் போய்க் கீறல்கள் வெளியே வரும். வெயிலில் நிறுத்திச் சாய்வாகப் பாருங்கள், முடிந்தால் ஓரிடத்தைக் கழுவச் சொல்லிப் பாருங்கள்.

பெயின்றுக்குக் கீழே கொப்புளம் கண்டால் பொலிஷ் வேலையை நிறுத்துங்கள், அது அநேகமாகத் துரு. மேலே பெயின்ற் அடித்து மூடினால் உள்ளே தொடர்ந்து தின்னும். தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, துருத் தடுப்புப் பிரைமர் போட்ட பிறகே நிறம். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் மண்ணால் அடைத்திருக்கின்றனவா என்றும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.

ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி ஊரைக் காத்த கார்கள் அவை. எத்தனையோ கை பெயின்ற் அவற்றின் மேல் இருக்கலாம், அடிப்படையில் ஈயம் கலந்த பெயின்றும் இருக்கக்கூடும். காய்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், நீர் விட்டுத் தேயுங்கள், தூசு வடிகட்டும் முகமூடி போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். இறுக வைக்கிற ஹாட்னர் திரவம் கலந்த பெயின்றை வீட்டு முற்றத்தில் ஸ்பிரே பண்ணுவதும் வேண்டாம். ஸ்பிரேயில் பறக்கிற அதன் நுண்துளிகள் நுரையீரலுக்குக் கெடுதி, சாதாரண முகமூடி அவற்றைத் தடுக்காது.

வேலை முடிந்ததும் மெழுகோ, சீலன்ற் என்கிற செயற்கைப் பாதுகாப்புப் பூச்சோ போடாமல் விட்டால் பாதி உழைப்பு வீண். இங்கத்தை வெயிலில் மெழுகு சில கிழமைதான் நிற்கும், சீலன்ற் சில மாதம் தாங்கும். செராமிக் கோட்டிங் போடுவதென்றால் கீறலைச் சரிசெய்த பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் கீறலும் உள்ளேயே அகப்பட்டுவிடும். புழுதிக் காருக்கு மேல் கவரைப் போட்டு மூடாதீர்கள். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றில் அந்தத் துணி நாள் முழுக்க ஆடி ஆடித் தேய்க்கும். வேம்பு, மா நிழல் நல்லதுதான், ஆனால் காகமும் வௌவாலும் இடுகிற எச்சம் வெயிலில் காய்ந்தால் பெயின்றை அரிக்கும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவைத்து எடுங்கள், சுரண்ட வேண்டாம். ஏ9 வீதியோரத்து முறிகண்டிப் பிள்ளையாரிடமோ ஊர்க் கோயிலிலோ பூசை செய்து வைக்கிற சந்தனமும் குங்குமமும் பொனற்றில் நாள்கணக்கில் இருந்தால் கறை பிடிக்கும். கண்ணாடியிலோ இலக்கத்தகட்டிலோ பொட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள், ஐயர்மார் மறுக்கமாட்டார்கள்.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் மாரி மழை ஓய்வதற்கும் சோளகம் எழும்புவதற்கும் இடைப்பட்ட மாதங்கள். புழுதி குறைவாக இருக்கும். காலைப் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, தகடு சூடேறுமுன் நிறுத்துங்கள், நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் போதும்.