பூட்டனார் பார்த்தது எந்தக் கணக்கு?

எங்கள் வீட்டில் அப்பாவின் தாத்தாவுக்கு ஒரே பேர்தான்: கணக்குப்பிள்ளை. "அந்தக் காலத்துல ஊர்க் கணக்கே நம்ம கையிலதான்டா இருந்துச்சு" என்று அப்பா சொல்லும்போது குரலே கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். நான் 34 வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவன். எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்கள் பாதி என் கண்ணில் பட்டவை. எனக்கே அது ஊர்க் கணக்கு இல்லை என்று தெரிய, ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருஷம் பிடித்தது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் என்னைப்போலச் சுற்றி அலைய வேண்டாம் என்றுதான் வழியைச் சொல்கிறேன்.

முதலில் பத்திரத்தை எடுங்கள். வில்லங்கம் போட்டால் எண் கிடைக்கும், எண் இருந்தால் நகல் கிடைக்கும். ரொம்பப் பழையதற்குச் சார்பதிவாளர் ஆபீசில் மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அங்கே முதலில் தடுக்குவது தாலுகா. எங்கள் ஊர் இன்று துறையூர் தாலுகா, அன்று முசிறி தாலுகா. இன்றைய பேரில் தேடினால் ஒன்றும் வராது.

பழைய பத்திரத்தில் ஆளைச் சொல்லும் முறை ஒன்று உண்டு: இன்ன ஜில்லா, இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்னார் குமாரர், இன்ன ஜாதி, இன்ன மதம், இன்ன ஜீவனம். அந்த ‘ஜீவனம்’தான் தொழில். பார்த்ததும் குதித்துவிடாதீர்கள். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார்: "நிலம் வாங்க வர்றவன்கிட்ட என்ன தொழில்னு கேட்டுக்கிட்டு நிக்காதே, பயிர் ஜீவனம்னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போ." நாங்கள் போட்டதைத்தான் பேரப்பிள்ளைகள் இன்று சத்தியமாக எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பூட்டனார் 1926-இல் வாங்கிய நிலத்தின் பத்திரத்தில், ‘தற்சமயம் சிலோன் மாத்தளையிலிருக்கும்’ என்று எழுதி, அடுத்த சொல்லிலேயே ‘பயிர் ஜீவனம்’ என்றும் இருக்கிறது. கடலுக்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு முசிறி தாலுகாவில் என்ன பயிர் வைத்தாரோ!

அதனால் ஜீவனத்தை விட்டுவிட்டுப் பத்திரத்தின் அடிக்கு வாருங்கள். சாட்சிக் கையெழுத்து, அதற்கும் கீழே எழுதினவர் கையெழுத்து. அந்த நாளில் கிராமத்துப் பத்திரங்களில் நிறைய கர்ணம், அதாவது ஊர்க் கணக்கர், எழுதியவை. ‘இந்தப் பத்திரம் எழுதினது கிராமக் கணக்கு இன்னார்’ என்று தானே போட்டுக்கொள்வார். எங்கள் ஊர்ப் பத்திரங்களில் 1910 முதல் 1935 வரை கைக்குக் கிடைத்த பதினேழையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் வந்ததெல்லாம் மேலத்தெருக் குடும்பம் ஒன்றின் பேர். அப்பா, பிறகு மகன். எங்கள் ஆள் ஒரு தடவைகூட இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. கர்ணமும், வரி வசூலிக்கும் மணியமும் வழிவழியாக வந்த வேலைகள். 1980 நவம்பரில் அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிகளை எடுத்தது. பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார். ஆகவே உங்கள் குடும்பம் கணக்குக் குடும்பம் என்றால், 1980-இல் வேலை போன பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒருவர் இருப்பார், இல்லை அதற்கு முன்னால் எப்படிக் கைவிட்டுப் போனது என்று ஒரு கதையாவது இருக்கும். இரண்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

ஊர் ஊழியத்துக்காக விட்ட மானிய நிலங்களின் பேரையும் விசாரிக்கலாம். தச்சன் மானியம், வண்ணான் மானியம், கணக்கு மானியம் என்று வயலுக்கே தொழில் பேர் ஒட்டியிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் 1858-இல் இனாம் கமிஷன் வைத்து, எந்த நிலம் எந்த ஊழியத்துக்கு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பதிந்தார்கள். அந்தப் பதிவேடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

சரி, ஊர்க் கணக்கு இல்லை. அப்புறம் எந்தக் கணக்கு? இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். தொழில் சொல் ஒன்றுதான், இடம் மாறினால் வேலை மாறிவிடும். ‘மேஸ்திரி’ இங்கே கொத்தனாருக்கு மேலே நிற்பவர். வால்பாறைப் பக்கம் போனால் எஸ்டேட்டுக்கு ஆள் கட்டிக்கொண்டு போனவர். ‘தண்டல்’ வரி வசூலிக்கவும் போனார், தோணியும் ஓட்டினார். இன்று வட்டிக்குக் கொடுக்கிறார். ‘வாத்தியார்’ திண்ணைப் பள்ளியிலும் உண்டு, கூத்துக் கொட்டகையிலும் உண்டு. சொல்லைத் தனியாகப் பிடிக்காதீர்கள். ஊரையும் வருஷத்தையும் சேர்த்துப் பிடியுங்கள்.

எங்களுக்கு வழிகாட்டியது ஒரு கடிதம். அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. தேதி ‘துன்மதி வருஷம் ஐப்பசி’. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். துன்மதி என்றால் 1861, 1921, 1981 மூன்றும் ஆகலாம். ஒட்டியிருந்த சிலோன் ஸ்டாம்பில் தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ். ஆக 1921. (வருவாய்க் காகிதங்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருந்தால் 590 கூட்டிக்கொள்ளுங்கள், ஜூலையில் தொடங்கும். பசலி 1331 என்றால் 1921 ஜூலை முதல் 1922 ஜூன் வரை.)

கடிதத்தில் ஒரு வரி: ‘செக்ரோல் என் வசம் கொடுத்துவிட்டார்கள், விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.’ வீட்டில் எல்லோரும் அதைப் ‘புரட்டு’ என்றே படித்து, ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கிறது என்று பூசி மறைத்திருக்கிறார்கள்! பெரட்டு என்பது பரேடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் விடிகாலை ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். செக்ரோல், யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று பதியும் பேரேடு. தோட்ட மேலாளரான துரை, அவருக்கு உதவியாகச் சின்னத்துரை, அவர்களுக்குக் கீழே கணக்குப்பிள்ளை, அப்புறம் ஆட்களை நடத்தும் கங்காணி. எங்கள் பூட்டனாரின் கணக்கு கிராம நிலக் கணக்கு இல்லை, மலையகத்து ஆள் கணக்கு.

ஆகவே கடிதம் கிடைத்தால் தொழில் பேரைத் தேடாதீர்கள். எழுதுகிறவன் தன் தொழிலைத் தானே சொல்லிக்கொள்ள மாட்டான். அவன் புழங்கிய சாமான், இடம், கூலி இவற்றின் சொற்களைத் தேடுங்கள். லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கொழுந்து, பெரட்டு என்றால் தேயிலைத் தோட்டம், பெரும்பாலும் இலங்கை. கிராணி (தோட்டத்து எழுத்தர்), பால்மரம் (ரப்பர்) என்றால் மலேயா. அடுத்தாள், பெட்டியடி என்ற சிப்பந்திப் பேர்கள் வந்தால் வட்டிக்குக் கொடுக்கும் செட்டியார் கடை, பர்மாவாகவும் இருக்கலாம். கடிதம் இல்லாதவர்கள் பெரியவர்களிடம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். "என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டால் பெருமைக்குச் சொன்ன பதில்தான் வரும். "கையில என்ன வச்சிருப்பார்? எத்தனை மாசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவார்? கூலி காசா, நெல்லா?" என்று கேளுங்கள். கருப்புக் கோட்டும் குடையும் ஞாபகம் இருந்த என் அத்தைக்கு ‘கணக்கு’ எது என்று தெரியாது.

பெருமை ஒரு பக்கம் என்றால் மறைப்பது இன்னொரு பக்கம். வெட்டியான், தோட்டி, நீர்க்கட்டி என்று இருந்தால் குடும்பங்கள் ‘விவசாயம்’ என்று மாற்றிவிடுகின்றன. எனக்கு இதில் வருத்தம் உண்டு. எந்த மடையை எப்போது திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறும் என்று நீர்க்கட்டிக்குத்தான் தெரியும். எல்லைக்கல் தகராறில் வெட்டியான் வாய்ச்சொல்தான் சாட்சி. எழுதி வையுங்கள், உள்ளது உள்ளபடி.

பெண்களைப் பற்றிப் பத்திரம் அநேகமாக வாய் திறக்காது, ‘இன்னார் பாரியாள்’ என்பதோடு சரி. ஆனால் தோட்டத்துச் செக்ரோலில் கொழுந்து கிள்ளிய பெண்ணுக்கும் ஒரு வரி இருந்தது.

எந்தத் தோட்டம் என்பது இன்னும் பிடிபடவில்லை. துரைமார் வைத்த பேர் வேறு, ஆட்கள் அழைத்த பேர் வேறு. கடிதத்தில் இருப்பது ஆட்கள் அழைத்த பேர். அதைக் கேட்கத்தான் போன வருஷம் கோத்தகிரி போனேன். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் அங்கே நிறைய. மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த எண்பது வயது அம்மா ஒருவர் டீ கொடுத்தார். "எங்க பூட்டனார் அங்க கணக்குப்பிள்ளையா இருந்தவரும்மா" என்றேன், அப்பா சொல்கிற அதே குரலில்தான் சொல்லியிருப்பேன் போல. அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப அரைப்பேரு போடுற ஆளா?"

கொழுந்து குறைந்தால் முழு நாள் வேலைக்குப் பாதி நாளாகப் பதிவது அரைப்பேர். பதிகிற பென்சில் கணக்குப்பிள்ளை கையில். தோட்டத்தின் பேர் அவருக்கும் தெரியவில்லை. நோட்டில் ‘அரைப்பேர்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.