மார்கழி, தை மாதங்களில் வீட்டோடு மகிழ்ந்திருக்கச் சில வழிகள்: குமரி மாவட்டத்தவருக்கு

குமரி மாவட்டத்தில் குளிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா என்று வெளியூர் உறவினர்கள் கேட்பதுண்டு. நாகர்கோவிலில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், அவர்கள் கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் வாங்கிக்கொள்ளும் இந்த மண்ணில், ஜூன் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு திசையிலிருந்து மழை வந்துகொண்டே இருக்கிறது. அந்த இரைச்சல் ஓய்ந்து, கோடையின் புழுக்கம் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் ஏழெட்டு வாரங்களையே நான் குளிர்காலம் என்கிறேன். நம் குளிர் நாள் முழுவதும் நிற்பதில்லை. விடியலுக்கு முன் ஒரு மணி நேரம், பின் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வெயிலுக்கு வழிவிட்டுப் போய்விடுகிறது. ஆகவே எதைச் செய்வது என்பதைவிட எந்த நேரத்தில் செய்வது என்பதே இங்கு முக்கியம். கீழே சொல்லியிருப்பவற்றை அந்தந்த நேரத்தோடு பொருத்திச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிட முயல வேண்டாம்.

முதலில் வீட்டை உலர்த்துங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டு வீடானாலும் கான்கிரீட் வீடானாலும் சுவர் ஈரம் குடித்திருக்கும். அலமாரியைத் திறந்தால் துணியில் பூஞ்சை வாடை அடிக்கும். அந்த வாடைக்குள் உட்கார்ந்துகொண்டு எந்த இன்பத்தையும் தேட முடியாது. மழை விட்ட முதல் நாளே மெத்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவது பலரும் செய்யும் பிழை. அன்று தளமே ஈரமாக இருப்பதால் மெத்தை மேலே காய்ந்து கீழே நனையும். தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடிக்கட்டும். நான்காம் நாள், பனி முற்றிலும் உலர்ந்த பின் காலை 10 மணியளவில் இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணைகளையும் விரித்து, நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டு, மாலை 4 மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். வெயில் சாய்ந்த பின்னும் விட்டுவைத்தால் காலை முழுவதும் உலர்ந்தது வீணாகி, மறுபடியும் ஈரம் ஏறிவிடும். எடுத்ததும் விரிக்காமல் ஒரு மணி நேரம் சூடு ஆறவிட்டு, இரவில் அதன்மேல் படுத்துப் பாருங்கள். பஞ்சு பொங்கி எழுந்து, துணியில் வெயிலின் வாசம் தங்கியிருக்கும். செலவில்லாமல் கிடைக்கும் சுகங்களில் இதற்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை.

புத்தகங்களை மட்டும் நேர் வெயிலில் வைக்காதீர்கள். தாள் பழுத்து, முதுகில் ஒட்டிய பசை வெடித்துவிடும். காற்று வரும் நிழலில், விசிறி போல் விரித்து நிறுத்தினால் போதும்.

விடியலுக்கு முன்

டிசம்பர் 21, 22 தேதிகளில்தான் பகல் மிகக் குறைவு. நம் மாவட்டத்தில் அது ஏறத்தாழ 11 மணி 40 நிமிடம். அதன்பின் பகல் வளரத் தொடங்கினாலும் சூரியன் உடனே முந்தி எழுந்துவிடுவதில்லை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் காலை 6.30 மணியளவில் எழும் சூரியன், ஜனவரி இறுதியில் 6.40 மணியளவில்தான் எழுகிறது. மார்கழியில் எழ முடியாமல் போனவர்களுக்குத் தையிலும் இருட்டு மிச்சமிருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

ஐந்தரை மணிக்கு எழுந்தால் சுக்குக் காப்பி போடலாம். நான்கு பேருக்கு ஐந்து குவளை தண்ணீர், தட்டி உடைத்த விரல் நீளச் சுக்கு, ஒரு கரண்டி மல்லி விதை, பத்துப் பன்னிரண்டு நல்லமிளகு, இரண்டு ஏலக்காய் ஆகியவற்றைப் போட்டு, நான்கு குவளையாகக் குறுகும் வரை மெல்லிய தீயில் கொதிக்கவிடுங்கள். கருப்பட்டியை நேராக அதில் போடாமல், தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் உருக்கி வடிகட்டிச் சேர்ப்பது நல்லது. எவ்வளவு நல்ல கருப்பட்டியானாலும் அடியில் மணல் தங்கும். இறக்கும்போது நாலைந்து துளசி இலை போடலாம். முன்பெல்லாம் கருப்பட்டியைப் பனையோலைப் பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். புகையும் சூடும் பட்டு அது கசியாமல் இருக்கும். விறகடுப்பு இல்லாத அடுக்களையில் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் ஓரளவு தாங்கும்.

குவளையோடு திண்ணையிலோ வாசற்படியிலோ உட்காருங்கள். தொலைபேசி உள்ளே இருக்கட்டும். மார்கழியென்றால் ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையும் மறுபக்கம் தேவாலய மணியும் கேட்கும். இரண்டுக்கும் இடையில் விழும் அமைதியில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை எழக்கூடும். அது ஆறுமணிக் குருவி. வட இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் பறவை இது. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர் வந்தது. தரையில் கிடக்கும் சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்பதே அதன் வழக்கம் என்பதால், அது உங்கள் விளைக்கு, அதாவது தோப்புக்கு, வர வேண்டுமானால் ஒரு மூலையையாவது பெருக்காமல் விட்டுவையுங்கள். எங்கள் வீட்டில் இதற்கு அனுமதி வாங்க இரண்டு மார்கழிகள் ஆயின. முற்றத்தில் சருகு கிடந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே வாதம். மூன்றாம் ஆண்டு மாமரத்தடியில் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக அது தத்தித் திரிந்ததை அம்மாவே முதலில் பார்த்த பிறகு, அந்த மூலைப் பக்கம் விளக்குமாறு போவதில்லை.

சுசீந்திரம், தேரூர் குளங்களுக்கு வரும் நீர்ப்பறவைகளைப் பார்க்கப் பலர் போகிறார்கள். அந்த நீர்நிலைகள் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. வீட்டை விட்டு இறங்க மனமில்லாதவர்களுக்கு மின்கம்பியில் வரிசையாக உட்காரும் தகைவிலான் குருவிகளே போதும்.

வெயில் ஏறிய பின் கிழங்கு

இந்தப் பருவத்தில் வடசேரிச் சந்தையிலோ மார்த்தாண்டத்திலோ கிழங்குக் கடைகளில் மண் வாசம் மாறாமல் சிறுகிழங்கு குவிந்திருக்கும். ஆடி வாக்கில் நட்டது மார்கழி, தையில் பறிப்புக்கு வருகிறது. இதன் சுவையை மெச்சுபவர்கள் பலர். தோலை உரிக்க முன்வருபவர்கள் குறைவு. கத்தியால் ஒவ்வொன்றாகச் சீவத் தொடங்கினால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும், விரலும் கறுத்துவிடும். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பழைய சணல் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, துவைக்கும் கல்லில் வைத்து முன்னும் பின்னுமாக உருட்டித் தேயுங்கள். கிழங்குகள் ஒன்றோடொன்று உரசித் தோல் தானாகக் கழன்றுவிடும். பின் அலசி, கண்களில் ஒட்டியிருப்பதை மட்டும் நுனிக் கத்தியால் எடுத்தால் வேலை முடிந்தது. காலை வெயில் முதுகில் படும்படி இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து செய்தால் ஒரு கிலோ கிழங்கு ஒரு கதை முடிவதற்குள் தயாராகிவிடும். தனியாகச் செய்யாதீர்கள், அப்போது அது வெறும் வேலை.

உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், ஒரு சின்ன உள்ளி ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து, தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் சம்பா அரிசிக் கஞ்சிக்கு வேறு கறி வேண்டாம்.

மரச்சீனி என்று நாம் சொல்லும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் ஒரு சொல். அதை மூடாமல் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் வடித்துக் கொட்டிவிட வேண்டும். கசப்பு இன மரச்சீனியில் உள்ள நஞ்சு குறைவது அப்படித்தான். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதன் சாகுபடியை ஊக்குவித்தார். நம் பாட்டன்மார் பஞ்ச காலங்களில் உயிர் தப்பியதில் இந்தக் கிழங்குக்கும் பங்குண்டு.

மாலைப் பலகாரத்துக்குத் தெரளிக் கொழுக்கட்டையைச் சொல்வேன். திருக்கார்த்திகைக்கு மட்டுமே உரியது என்று அதை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. பட்டை மணம் வீசும் தெரளி இலை கிடைக்கும் வரை செய்யலாம். இரண்டு குவளை வறுத்த பச்சரிசி மாவுக்கு ஒரு குவளை துருவிய கருப்பட்டி, ஒரு குவளை தேங்காய்த் துருவல், கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் என்பது அளவு. முதல் தடவை நான் கருப்பட்டியைப் பாகாகக் காய்ச்சிச் சூட்டோடு மாவில் ஊற்றினேன். மாவு நெகிழ்ந்து, ஆவியில் இலையை விட்டு வழிந்து, பாத்திரத்தின் அடியில் கூழாகக் கிடந்தது. துருவிய கருப்பட்டி ஆவியிலேயே உருகி மாவுக்கு ஈரம் தரும் என்பதை அதன்பிறகுதான் கற்றேன். எனவே தண்ணீரைத் தெளித்தால் போதும். கையில் அள்ளிப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், அவ்வளவே. இலையைக் கூம்பாக மடித்து, மாவை அடைத்து, ஈர்க்கால் குத்தி, 20 நிமிடம் வேகவையுங்கள். பட்டையின் மணம் அடுக்களையைத் தாண்டி வந்ததும் வெந்துவிட்டது என்று அறியலாம்.

நண்பகலில் மூத்தவர்களோடு

மதியச் சாப்பாட்டுக்குப் பின் வீடு அடங்கும் நேரத்தில் பாட்டாவையோ அம்மச்சியையோ பேசவைப்பது நல்லது. “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துது மக்களே” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வி சிறியதாகவும் கையால் தொடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி தமிழ்நாட்டோடு இணைந்தபோது அவர்கள் எந்த வகுப்பில் படித்தார்கள், பள்ளியில் மலையாளம் படித்தார்களா, பழைய ஆதாரங்கள், அதாவது நிலப் பத்திரங்கள், எந்த மொழியில் இருக்கின்றன, அவற்றை யார் வாசித்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். பெட்டியிலிருந்து அந்த ஆதாரத்தையே எடுத்து முன்னால் வைத்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருள் போதும். நீங்கள் குறுக்கிடாமல் இருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

பிள்ளைகளின் கைகளுக்கு

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் இருந்தால் ஒரு நட்சத்திரம் கட்டச் சொல்லுங்கள். சம நீளமுள்ள ஐந்து மூங்கில் குச்சிகளை ஐந்து முனை நட்சத்திரமாகக் கட்டி, அதே அளவில் இன்னொன்றும் கட்டி, இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்ட வேண்டும். உள்பக்கம் குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் விரல் நீளக் குச்சிகளை இடையில் கொடுத்தால் வயிறு புடைத்து நிற்கும். வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே மெழுகுவர்த்திக்குப் பதில் சிறு எல்இடி விளக்கு வையுங்கள். மார்கழிக் கடைசி மழை ஒன்று சொல்லாமல் வரும் என்பதால் ஓட்டின் இறவாரத்துக்கு உள்ளேயே தொங்கவிடுவது நல்லது. எந்த மதத்தவர் வீடாக இருந்தாலும் நம் ஊரில் இதை யாரும் வேற்றுப் பொருளாகப் பார்ப்பதில்லை.

இரவு வானம்

மேகம் இல்லாத ஜனவரி இரவில், 9 மணியளவில் மொட்டை மாடிக்கோ முற்றத்துக்கோ போய், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். ஒரே வரிசையில் நிற்கும் மூன்று நட்சத்திரங்களை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றுக்கு வடக்கே செம்மை படர்ந்து ஒளிர்வது திருவாதிரை. மூன்றையும் இணைக்கும் கோட்டைத் தென்கிழக்காக நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் வரும். எதிர்ப்பக்கம் நீட்டினால் ரோகிணியும், அதைத் தாண்டிக் கொத்தாகக் கார்த்திகையும் கிடைக்கும். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் அறிந்தவற்றை நேரில் அடையாளம் காணும்போது பிள்ளைகளைவிடப் பெரியவர்களே அதிகம் வியப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்துத் தெற்கே திரும்புங்கள். சிரியசுக்கு அடுத்தபடியாக ஒளிமிக்க அகத்திய நட்சத்திரம் அங்கே இருக்கிறது. வட இந்தியாவின் வடகோடியில் அது தொடுவானத்தை ஒட்டியே கிடக்கும், அல்லது தெரியவே தெரியாது. 8 பாகை அட்சரேகையில் உள்ள நமக்கோ உச்சிக்கு வரும்போது 29 பாகை உயரத்தில் நிற்கிறது. இதற்கு ஈடாகத் துருவ நட்சத்திரத்தை நாம் ஏறக்குறைய இழந்திருக்கிறோம். அது நமக்கு 8 பாகை உயரத்தில்தான் இருக்கும் என்பதால் மலைக்கோ தென்னைக்கோ பின்னால் மறைந்துவிடுகிறது. ஜனவரி நடுவில் 9 மணிக்கு அகத்தியம் சற்றுத் தென்கிழக்கே சாய்ந்திருக்கும். பக்கத்து விளையின் தென்னை மறைத்தால் இடம் மாற வேண்டாம். பாயை விரித்து உட்கார்ந்திருங்கள், 11 மணிக்குள் அது நேர் தெற்குக்கு வந்துவிடும்.