அணுவா, அயனியா, எது பெரியது? பொட்டாஷ் உரத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பொட்டாஷ் உரத்தைக் காட்டித்தர வேண்டியதில்லை. செங்கல் நிறத்தில் இருக்கும் அந்த உரத்தில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடுதான். (சிவப்புக்குக் காரணம் அதில் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடு.) படிவம் 4 வேதியியலில் அணு அளவு, அயனி (எலக்ட்ரானை இழந்த அல்லது வாங்கிக்கொண்ட அணு) அளவு என்றதும் தலை சுற்றுகிறவர்கள் இந்த உரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையை மனப்பாடம் செய்வது வீண் வேலை.

படி 1: கூடுகளை எண்ணுங்கள்

எலக்ட்ரான் அமைப்பை எழுதுங்கள். பொட்டாசியம் 2.8.8.1, குளோரின் 2.8.7. ஒவ்வொரு எண்ணும் கருவைச் சுற்றியுள்ள ஒரு கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள். முன்னதற்கு நான்கு கூடு, பின்னதற்கு மூன்று. கூடு அதிகமானால் அணு பெரிது. தனிம அட்டவணையின் ஒரே தொகுதியில் (நெடுவரிசையில்) கீழே இறங்க இறங்க அளவு கூடுவதும் இதனால்தான்.

படி 2: கூடு சமமாக இருந்தால் புரோட்டானைப் பாருங்கள்

அணுவின் ஆரம்: சோடியம் 186, மக்னீசியம் 160, அலுமினியம் 143 பைக்கோமீட்டர். அப்படியே குறைந்துகொண்டு போய் குளோரினில் 99. (ஒரு மில்லிமீட்டரை ஒரு பில்லியன் பங்காக்கினால் ஒரு பங்குதான் பைக்கோமீட்டர்.) எல்லாவற்றுக்கும் மூன்றே கூடு.

எலக்ட்ரானும் கூடுகிறதே, அணு ஏன் சுருங்குகிறது? புதிதாக வரும் எலக்ட்ரான்கள் எல்லாம் அதே வெளிக்கூட்டில்தான் சேர்கின்றன. கருவின் ஈர்ப்பிலிருந்து ஒன்றையொன்று அவை சரியாக மறைப்பதில்லை. மறைக்கிற வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் 10 எலக்ட்ரான்கள். அந்த எண்ணிக்கை மாறவே இல்லை. புரோட்டானோ 11 லிருந்து 17 ஆகிவிட்டது. கரு வெளிக்கூட்டை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொள்கிறது.

படி 3: அயனியாக்கிப் பாருங்கள்

பொட்டாசியம் ஓர் எலக்ட்ரானை இழந்ததும் நான்காவது கூடே காலி. 227 இருந்தது 138 ஆகிறது. குளோரின் ஒன்றை வாங்கிக்கொள்கிறது. 17 புரோட்டான்கள் இப்போது 18 எலக்ட்ரான்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும், எலக்ட்ரான்களுக்குள் தள்ளுமுள்ளும் கூடுகிறது. 99 இருந்தது 181.

ஆக, அணுவாக இருந்தபோது பெரியது பொட்டாசியம். உரத்துக்குள் பெரியது குளோரைடு!

படி 4: எலக்ட்ரானும் சமம் என்றால்?

இந்த இரண்டு அயனிக்கும் 18 எலக்ட்ரான்தான். இரு பக்கமும் ஒவ்வொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: சல்பைடு 184, குளோரைடு 181, பொட்டாசியம் 138, கால்சியம் 100. புரோட்டான்கள் 16, 17, 19, 20. புரோட்டான் ஏற ஏற அளவு இறங்குகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

ஓர் எச்சரிக்கை. வேறு புத்தகத்தில் பொட்டாசியம் 203 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 227 உலோக ஆரம் (உலோகத்துக்குள் இருக்கும் அணுவுக்கு), 203 சகப்பிணைப்பு ஆரம் (எலக்ட்ரான்களைப் பகிர்ந்து பிணைந்த அணுவுக்கு). அளக்கும் முறை வேறு. அணுவுக்குக் கெட்டியான விளிம்பு கிடையாது. பொட்டாசியம் குளோரைடு படிகத்தில் அடுத்தடுத்த இரண்டு அயனிகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம், 138-ம் 181-ம் சேர்ந்து 319 வர வேண்டும். அளந்தால் சுமார் 315 தான் வருகிறது.

எஸ்.பி.எம். (மலேசியாவின் படிவம் 5 தேர்வு) விடையில் ‘எலக்ட்ரான் அதிகம், அதனால் பெரிது’ என்று மட்டும் எழுதாதீர்கள். கூடு எத்தனை, கருவின் ஈர்ப்பு எப்படி மாறுகிறது என்று சொல்லுங்கள்.

சரி, நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மக்னீசியம், ஆக்சைடு, அலுமினியம், ஃபுளோரைடு, சோடியம் ஆகிய அயனிகள் எல்லாவற்றுக்கும் 10 எலக்ட்ரான். பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்குங்கள்.

விடை: ஆக்சைடு 140, ஃபுளோரைடு 133, சோடியம் 102, மக்னீசியம் 72, அலுமினியம் 54.